முழங்காலளவு

மாகாணம் தாண்டக்கூடாது என்ற சுற்றறிக்கையை
படலைக்குப் படலை நின்று வாசித்தவன் நான்.
ஆதலால் நிலாவெளி இல்லை.
ஆனைக்கோட்டையிலிருந்து காரைநகர்,
மோட்டார் சைக்கிளில் நாற்பது நிமிடம்,
இரண்டு பகல், ஓர் இரவு.
இவ்வளவுதான் எங்கள் வெளியூர்.

தர்மினி அகலத் தொப்பி வாங்கியிருந்தாள்.
கிருஷிகாவின் மடியில் வாளி, அதற்குள் அகப்பை.
பொன்னாலைப் பாலத்தில் காற்று ஹெல்மெட்டுக்குள் புகுந்து
மாஸ்க்கை ஊதிப் பார்த்தது.
இரு பக்கமும் நாரைகள்,
நான் சனத்துக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிய
அந்த இடைவெளியில்,
ஒருவரும் சொல்லாமலே.

விடுதிக்காரர் என்னைக் கண்டதும் எழும்பினார்.
இரண்டு மாதம் இந்தப் பகுதியும் என் பொறுப்பில் இருந்தது.
கொப்பியை விரித்தார். வெப்பமானியைத் தேடினார்.
குசினிக் கதவைத் திறந்து பிடித்தபடி,
"எல்லாம் சரியாய்க் கிடக்கு ஐயா,
கை கழுவிற இடம் அங்கால."
"லீவிலை வந்தனான்" என்றேன்.
"ஓமோம்" என்றார், நம்பாமல்.
பிறகு குளிர்பெட்டியையும் திறந்து காட்டினார்:
பாதிப் பூசணி,
மூன்று பால்மாப் பைக்கற்.
"பதுக்கேல்லை ஐயா, பேரப்பிள்ளைக்கு."
நான் பூசணியைப் பார்த்தேன்.

பின்னேரம், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு
அரைக்காற்சட்டை போட்டேன்.
என் முழங்கால்கள்
யாரோ புதுசாய்க் குடிவந்தவர்கள் போலிருந்தன.

கசூரினாவில் நல்ல சனம்.
சவுக்குக்குக் கீழே பாய் விரித்து
நண்டுக் கறியும் பாணும் சாப்பிட்டிருந்த ஒரு குடும்பம்
என்னைக் கண்டு
கறிக் கையாலேயே மாஸ்க்கை ஏற்றிக்கொண்டது.
பிறகு பக்கத்துப் பாய்.
பிறகு ஐஸ்கிறீம்காரன்.
இடுப்பளவு தண்ணீரில் நின்ற இரண்டு பெடியள்
பொக்கற்றிலிருந்து ஈரத் துணியை எடுத்து,
பிழிந்து,
காதில் கொழுவினார்கள்.
பி.எச்.ஐ. வந்திட்டார் என்ற சொல்
கரை நெடுக ஓடிக்கொண்டிருந்தது.
கிருஷிகா மணலைப் பார்த்தபடி கேட்டாள்:
"அப்பா, கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கிறீங்களோ?"

தள்ளிப் போக அங்கே கடல்தான் இருந்தது.

இந்தக் கடல் ஒரேயடியாய் ஆழம் தராது.
ஐம்பது அடி போனால் முழங்கால்.
நூறு அடி போனால் அதற்கு மேல் ஒரு சாண்.
பிறகு ஒரு மணல் திட்டு, மறுபடி கணுக்கால்.
கட்டங்கட்டமாய்த் தளர்த்துவது என்று
நாங்கள் கடதாசியில் எழுதியதை
இது எப்போதோ பழகி வைத்திருந்தது.

திட்டில் ஒருத்தி நின்றாள்.
சேலையின் கரை நனைந்து கனத்திருந்தது.
இந்த ஊரில் எனக்குக் கண்களைத்தான் தெரியும்.
அந்தக் கண்களைத் தெரியும்.
வலந்தலைப் பக்கம், நீலப் படலை, வைகாசி.
அறிவித்தல் ஒட்டியவன் நான்.
எட்டாம் நாள்,
மயானத்தில், அவள் தகப்பனின் மூடிய பெட்டிக்கு முன்னால்
ஐந்து நிமிடம் என்று சொன்னவனும் நான்.
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
நாலாவது நிமிடத்தில் "காணும்" என்றேன்.
வாகனத்தில் இன்னொரு பெட்டி இருந்தது.

அவள் மாஸ்க்கை ஏற்றவில்லை.
வாயைப் பார்த்தேன். முன்பல்லில் சின்னதாய் ஓர் இடைவெளி.
"பிள்ளையோடையோ வந்தனீங்கள்?"
"ஓம்."
"தண்ணி இண்டைக்கு இளஞ்சூடு" என்றாள்.
வடக்கே திரும்பி நின்றாள்.
நானும் திரும்பினேன்.
சொல்வதற்கு ஒன்று வைத்திருந்தேன்,
பல மாதமாய், மணிக்கூடு கட்டும் கையில்.
சொல்லவில்லை.
எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது.
மணிக்கூடு அறையில், தலையணைக்குக் கீழே.

முதுகுக்குப் பின்னால், தூரத்தில்,
யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.
பிறகு நிறையப் பேர்.
என் மகளின் சிரிப்பும் அதற்குள் கேட்டது.
திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும் என்று
திரும்பவில்லை.

காலையில் விடுதிக்காரர் காசு வாங்க மறுத்தார்.
மேசையில் வைத்துக் கையெழுத்திடக் குனிந்தேன்.
கொப்பியில் அவரே நிரப்பியிருந்தார்.
ஊர்: ஆனைக்கோட்டை.
ஆட்கள்: மூன்று.
வந்த காரணம்: பரிசோதனை.
வெட்டி எழுதப் பேனை கேட்டேன்.
"மை முடிஞ்சு போச்சு ஐயா" என்றார்.